மூவாயிரம் நம்பர் கதவு

கிட்ட வாங்க எல்லாரும். கரன்ட் எப்ப வருமோ, அதுவரைக்கும் செல்போன் வெளிச்சத்துல ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டே இருக்கணுமா? ஒண்ணு சொல்றேன். ஆனா நடுவுல யாராவது 'அப்புறம், அப்புறம்'னு நச்சரிச்சீங்க... எந்திரிச்சுப் போயிடுவேன், ஆமா.

என் கூடப் படிச்சவளோட அண்ணிக்கு நடந்தது இது. மணி ரெண்டு பத்து... ராத்திரி இல்லப்பா, மத்தியானம். பேய்க்கு நைட் ஷிஃப்ட் மட்டும்தான்னு உங்களுக்கு யாரு சொன்னது? ஞாயித்துக்கிழமை. மண்டையப் பொளக்குற வெயில். ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பூட்டிக் கிடக்குற குடோன். ஒரு நாய்கூட இல்ல. அண்ணியோட ஸ்கூட்டர் சத்தம் சுவத்துல மோதித் திரும்பி வருது. ரோட்டோட கோடியில அவங்க ஆபீஸ்.

அண்ணி ரெண்டு பிள்ளையைப் பெத்து, அஞ்சு வருஷம் வீட்ல இருந்துட்டு மறுபடி வேலைக்குப் போனவங்க. மூணு மாசம் பாத்துட்டுத்தான் வேலை நிரந்தரம்னு பேச்சு. மூணாவது மாசம் முடியப் போற நேரத்துல, மேனேஜர் ஒரு செத்த புராஜெக்ட்டைத் தூக்கி அண்ணி தலையில கட்டினார். ஸ்கூல் வேன் எங்க வருதுன்னு வீட்ல இருந்தே பாக்குற வெப் ஆப். "திங்கட்கிழமை பத்து மணிக்குக் கஸ்டமர் வர்றாங்க. உன் லேப்டாப்புல ஓடணும். ஓடலேன்னா வேற இடம் பாத்துக்கம்மா. ஞாயித்துக்கிழமையும் வந்து உக்காரு."

"ஓட்டிக் காட்டுறேன் சார்"னாங்க அண்ணி. வாய் அப்படி, என்ன பண்றது.

அந்த ஆப்பை எழுதினவர் உயிரோட இல்ல. ரெண்டே விரல்லதான் கீபோர்டு தட்டுவார், அதனால ஆபீஸ்ல அவருக்கு 'டக்கு சார்'னு பேரு. எப்பப் பாத்தாலும் தோள்வலித் தைல வாசனை. எட்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை, தனியா வேலை பாத்துட்டு இருந்தவர் சீட்டுலயே சாஞ்சுட்டார். திங்கட்கிழமை காலையில கூட்ட வந்த அம்மாதான் பாத்தாங்க. அண்ணிக்குக் கொடுத்தது அதே சீட்டு.

இந்தத் தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. எழுதின புரோகிராமை எல்லாம் ஆபீஸுக்குப் பொதுவுல வைப்பாங்க, யாரு வேணா எடுத்துக்கலாம். ஆனா பாஸ்வேர்டு, சாவி இருக்குற ஒரு சின்ன ஃபைல் மட்டும் அவங்கவங்க மெஷினைத் தாண்டி வெளிய போகாது. டக்கு சார் மெஷினை, அவரைத் தூக்கிட்டுப் போன அந்தத் திங்கட்கிழமையே மேனேஜர் மொத்தமா அழிச்சுட்டார். அந்த ஃபைலும் அதோட போச்சு, அது இல்லாம ஆப் ஓடாது. அண்ணிக்கு முன்னாடி ரெண்டு பேர் முட்டி மோதிப் பாத்துட்டு ஓடிட்டாங்க. மேனேஜர் என்ன சொன்னார் தெரியுமா? 'அந்த ஆளு அரைகுறையா எழுதிட்டுப் போயிட்டான்.' செத்தவரா வந்து பதில் சொல்லப் போறார்?

சரி. அண்ணி உக்காந்தாங்க. லேப்டாப் புத்தம் புதுசு, அட்டைப்பெட்டி டேப்பை அவங்களே கிழிச்சது. வேணும்கிறதை எல்லாம் ஒண்ணொண்ணா ஏத்தினாங்க. கடைசியா சர்வரை ஓட்டுற கமாண்டை அடிச்சாங்க. சர்வர்னா பெருசா நினைக்காதீங்க. எழுதுறதை எழுதுறவங்களே தன்னோட மெஷின்ல ஓட்டிப் பாக்குறதுதான். மெஷினுக்குள்ள நம்பர் போட்ட கதவுங்க நிறைய இருக்கும், அதுல ஒரு கதவுல உக்காரணும். மூவாயிரம் நம்பர்தான் இதுக்கு வழக்கமான கதவு. ஒரு கதவுல ஒருத்தர்தான்.

ஸ்கிரீன்ல வந்துச்சு... 'மூவாயிரத்துல ஏற்கெனவே ஆள் இருக்கு.'

புது மெஷின்ல எவன் இருப்பான்? அண்ணி தேடிப் பிடிச்சு அதை நிறுத்தினாங்க. மறுபடி கமாண்ட். மறுபடி அதே பதில். நாலு தடவை. அஞ்சாவது தடவை, அப்படி என்னதான் ஓடுதுன்னு பிரவுசர்ல மூவாயிரத்தைத் திறந்தாங்க.

ஆப் ஓடுது.

எட்டு மாசமா எவனாலயும் ஓட்ட முடியாத ஆப். முழுசா. மேப்புல மஞ்சள் மஞ்சளா வேனுங்க நகருது... ஞாயித்துக்கிழமையில. அண்ணி வைஃபையை அணைச்சாங்க. வேன் நிக்கல. ஏசி ஓடுற ரூம்ல அண்ணிக்கு முதுகுல வேர்வை இறங்குது. அப்பத்தான் மூக்குல ஏறுச்சு... தைல வாசனை. வலது தோளுக்குப் பின்னாடி இருந்து.

நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? ஸ்கூட்டர் சாவியைக்கூட எடுக்காம ஓடியிருப்பீங்க. இல்லேன்னா, ஓடுது இல்ல, அப்படியே காட்டி வேலையைக் காப்பாத்திக்கலாம்னு கமுக்கமா இருந்திருப்பீங்க. அண்ணி திரும்பிக்கூடப் பாக்கல. நாற்காலிக் கையைப் பிடிச்சுக்கிட்டு, கத்தவே கத்தினாங்க.

"சார்! யாருன்னு எனக்குத் தெரியும். உங்க சீட்டுல உக்காந்ததுக்கு மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன், வேற சீட்டு கொடுக்கல. எனக்குப் பயமாத்தான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும். நீங்க ஓட்டுறதைக் காட்டி நான் பேர் வாங்க மாட்டேன். கதவை விடுங்க. அந்த ஃபைலைக் கொடுங்க. நான் ஓட்டிக்கிறேன்!"

ஏசி நின்னுச்சு. ரூமே கப்சிப்.

அப்புறம்... டக்.

டக்... டக். அண்ணி கை ரெண்டும் மடியில இருக்கு. கீபோர்டுல ஒரு பட்டனும் அசையல. ஆனா சத்தம் காதோரமா கேக்குது. ஸ்கிரீன்ல ஒரு ஃபைல் தானா திறந்து, எழுத்து எழுத்தா நிரம்புது. ஒரு வரி. ரெண்டு. பத்து வரி. எல்லாம் சாவி. பத்தும் முடிஞ்சு கொஞ்ச நேரம் ஒண்ணுமில்ல. பதினோராவது வரி, முன்னாடி ஒரு குறி போட்டு ஆரம்பிச்சுச்சு. அந்தக் குறி இருந்தா அந்த வரியை மெஷின் படிக்காது, மனுஷங்களுக்காக எழுதுற குறிப்பு அது.

'தோள் வலிக்குது, ஞாயித்துக்கிழமை வர முடியாதுன்னு சொன்னேன்.'

அவ்வளவுதான். அண்ணிக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. பயத்துல இல்ல, ஆத்திரத்துல. கண்ணைத் துடைச்சுட்டுக் கமாண்டை அடிச்சாங்க. மூவாயிரம் காலியா இருந்துச்சு. ஆப் ஓடுச்சு, அண்ணி கையால.

திங்கட்கிழமை பத்து மணி. கஸ்டமர் மூணு பேர். மேனேஜர் வாயெல்லாம் பல்லு. "பழைய ஆளு ஒண்ணுமே முடிக்கல, இந்தம்மா வந்துதான்..."

"இல்ல சார். அவர் முடிச்சுட்டுத்தான் போனார். மெஷினை அழிச்சது நீங்க." சொல்லிட்டு, சுவத்துல இருந்த பெரிய ஸ்கிரீன்ல அந்த ஃபைலைத் திறந்தாங்க. சாவியெல்லாம் தெரிஞ்சிருக்குமேன்னுதானே பாக்குறீங்க? மேல பத்து வரியையும் மறைச்சுட்டுத்தான் காட்டினாங்க, தொழில் தெரிஞ்சவங்க. வேலை போனா போகட்டும்னு நின்னாங்க. மேனேஜர் அந்த ஒரு வரியைப் படிச்சார். மூஞ்சியில ஈயாடல. யாரு எழுதினதுன்னு அவர் கேக்கவே இல்ல, அதைக் கவனிங்க. இந்தம்மா இருந்தாத்தான் மேல பேசுவோம்னு கஸ்டமர் சொல்லிட்டாங்க. வேலை நிரந்தரம் ஆயிடுச்சு.

அதோட முடிஞ்சுதுன்னா நான் ஏன் இந்த இருட்டுல உங்களுக்குச் சொல்றேன்?

அடுத்த ஞாயித்துக்கிழமை. ரெண்டு பத்து. அண்ணி வீட்ல சின்னவளுக்குத் தலை சீவிட்டு இருக்காங்க. போன் அடிக்குது. மேனேஜர். குரலே வெளிய வரல.

"அம்மா... ஆபீஸ்ல தனியா இருக்கேன். என் லேப்டாப்புல அந்த மூவாயிரம் தானா திறக்குது. நான் ஒண்ணும் ஓட்டலம்மா, எனக்கு ஓட்டவே தெரியாது. அதை எப்படி நிறுத்துறது?"

"என்ன வேணும்னு அவரையே கேளுங்க சார்."

"அந்த ஃபைல் திறந்திருக்கும்மா... பன்னெண்டாவது வரி... அடிக்குது..."

"படிங்க சார். என்ன எழுதுறார்?"

போன் எதுமேலயோ விழுந்த சத்தம். அண்ணி வைக்கல. சீப்பைக் கீழ போட்டுட்டுக் காதுல அழுத்திப் பிடிச்சுக் கேட்டாங்க. மேனேஜர் மூச்சு சத்தம்கூட இல்ல. டக்... டக்... டக்... ரொம்பப் பொறுமையா. அப்புறம் ஒரு இடைவெளி.

அப்புறம், மத்த பட்டனைவிடக் கொஞ்சம் பலமா, என்டர் தட்டுற சத்தம்.