இறங்கும்போது திறக்க வேண்டிய கதவு

— இந்தக் காலத்துல எவனை நம்பறது, சொல்லு? கெட்ட பெட்ரோலை வித்து நம்ம விமானத்து இஞ்சினை உடைச்சான். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேக்கத் துப்பில்ல. எங்க காலத்துல கலப்படக்காரன்கூட ஊர்க்காரன் எதிர்ல வந்தா தலையைக் குனிஞ்சுக்குவான். இந்த வெண்டல், பெட்ரோல் குழாயைப் பிடிச்சுக்கிட்டு ராஜா மாதிரி நிக்கறான்.

— காலங்காத்தால அவரை எதுக்கு அப்பா இழுக்கறீங்க? அவர் பாட்டுக்கு இருக்கார். நீங்க எல்லார் முன்னாடியும் திட்டினதுலேர்ந்து சனிக்கிழமை காபிக்குக்கூட நம்ம ஹேங்கர் கொட்டகைப் பக்கம் வர்றதில்ல.

— வராம இருக்கட்டும். டோனட் மிச்சம். அந்த இறக்கையைப் பிடி மார்லா, வெளிய தள்ளுவோம். வெயில் ஏறிட்டா கணவாய்ல காத்து பந்தாடிடும்.

— நானும் வர்றேன்னு நேத்தே சொன்னேன்.

— வேண்டாம்னு நானும் நேத்தே சொன்னேன். லெஸ்டர் என் தம்பி. இந்த விமானத்துல ஆணிக்கு ஆணி பாதி அவன் அடிச்சது. அவன் சாம்பலை அந்த மலை மேல தூவறது எனக்கும் அவனுக்கும் நடுவுல இருக்கற சங்கதி. மூணாவது ஆளுக்கு அங்க சோலி இல்ல. ஆமா, லெஸ்டர் எங்க? வீட்டுலயே விட்டுட்டேனா?

— வலது சீட்ல இருக்கார் பாருங்க. விடியறப்ப நீங்கதான் சாம்பல் பெட்டியைக் கொண்டுவந்து வெச்சீங்க. பெல்ட்டும் போட்டு விட்டீங்க.

— தெரியும். நீ கவனிச்சியான்னு பாத்தேன்.

— அப்பா, கொஞ்சம் நில்லுங்க. தள்ளாதீங்க. மலை ஏறும்போது டர்போவை யார் பாத்துக்குவா?

— யாரா? இந்தக் கை. இந்த லீவர். மேல போகப்போகக் காத்து மெலிசாகும். லீவரை இழுத்தா புகைக்குழாய்ல இருக்கற வேஸ்ட்கேட் கதவு மூடிக்கும். வெளிய ஓடப்போற புகையெல்லாம் டர்போவைச் சுத்தும், டர்போ காத்தை அமுக்கி இஞ்சினுக்கு ஊட்டும். இறங்கும்போது லீவரை விட்டா கதவு திறந்துக்கும். அந்தக் கதவுக்கு வெல்டு வெச்சவனே நான். எனக்கே பாடமா?

— பாடம் இல்ல. இறங்கும்போது விட மறந்துட்டா என்ன ஆகும்னு கேக்கறேன்.

— மறந்தாத்தானே?

— போன அக்டோபர்ல ஓடுதளத்துல மான் நின்னுச்சே, ஞாபகம் இருக்கா?

— மானை மறப்பேனா? மலையைத் தாண்டி வந்து சக்கரம் தரையைத் தொடப் போற நேரம், அது பாட்டுக்கு நடுவுல நிக்குது. முழு த்ராட்டிலும் குடுத்து மறுபடி மேல தூக்கினேன். அப்பத்தான் அந்தப் பாவி பெட்ரோல் வேலையைக் காட்டுச்சு. இஞ்சினுக்குள்ள சுத்தற ரோட்டர்ல சரளைக்கல்லைக் கொட்டி ஆட்டின மாதிரி ஒரு சத்தம்.

— அது பெட்ரோல் இல்ல அப்பா.

— பிரிச்சுப் பாத்தப்ப ரோட்டர் மூலையில இருந்த சீல் துண்டு துண்டாக் கிடந்துச்சு. நீயும் பக்கத்துல நின்னே. பெட்ரோல்தான்னு சொன்னதே நீதான்.

— சொன்னேன். பொய் சொன்னேன்.

— என்ன?

— மலைமேலேர்ந்து இறங்கி வந்தப்ப லீவர் இழுத்த இடத்துலயே இருந்துச்சு. நீங்க விடல. கீழ காத்து கெட்டி, கதவு மூடியே கிடக்கு, நீங்க முழு த்ராட்டில் குடுக்கறீங்க. காத்தழுத்தம் காட்டற முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி அந்தக் கோடியில போய் ஒட்டிக்கிச்சு. இஞ்சின் தாங்காம அடிச்சுக்கிட்ட சத்தம்தான் நீங்க கேட்ட சரளைக்கல்லு.

— லீவரை நான் விட்டேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

— விட்டது நான். உங்க கையைத் தட்டிவிட்டு நான்தான் விட்டேன். அரை உசுரோட இஞ்சின் ஒரு சுத்து சுத்தி நம்மளை இறக்கி விட்டுச்சு.

— அப்படின்னா அன்னிக்கே சொல்லியிருக்கணும். வாய் என்ன பூட்டிக்கிச்சா?

— இஞ்சினை அணைச்சதும் ரெண்டு கையையும் அக்குள்ல ஒளிச்சு வெச்சுக்கிட்டீங்க. அம்மாவைப் புதைச்ச அன்னிக்குக்கூட உங்களை அப்படிப் பாத்ததில்ல. “என்னடி ஆச்சு, என்னடி ஆச்சு”ன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க. வாய்ல வந்தது பெட்ரோல்.

— சரியாத்தான் வந்திருக்கு.

— வெண்டல் தன் குழாய்லேர்ந்து ஒரு ஜாடி பெட்ரோல் பிடிச்சுக்கிட்டு வந்தார், ஞாபகம் இருக்கா? “டெல்மர், வெளிச்சத்துல வெச்சுப் பாரு, ஒரு தூசி இருந்தா சொல்லு”ன்னார். நீங்க தட்டிவிட்டீங்க. ஜாடி உடைஞ்சுது. நான் கையில காபியோட அங்கேயே நின்னேன். வாயைத் திறக்கல.

— அவன் ஜாடியைக் கழுவிட்டுப் பிடிச்சிருப்பான்.

— அப்பா!

— சரி, உன் கதையை முடி. இன்னும் ஏதோ இருக்கு. மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது.

— அந்த லீவர் எதுலயும் மாட்டியில்ல.

— எந்த லீவர்?

— நீங்க பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்களே, அதேதான். புது சீல் போட்டு இஞ்சினை ஏத்தினப்ப கழட்டிட்டேன். முள் பலகைக்குப் பின்னால ஒரு ஸ்பிரிங்ல முடியுது. கதவை அசைக்கிறது நான் புதுசா வெச்ச அந்தப் பச்சை விளக்கு டப்பா.

— அது சும்மா கணக்குப் பாக்கறதுக்குன்னு சொன்னே.

— அதுவும் பொய்தான்.

— ஒரு சோப்பு டப்பா அளவு பிளாஸ்டிக். அது என் கதவைத் தொடுதா? அதுக்கு பயம் உண்டா மார்லா? பயப்படத் தெரியாததுக்கிட்ட இஞ்சினைக் குடுக்கலாமா?

— பயம் இல்லதான். மறதியும் இல்ல.

— கரண்ட் போச்சுன்னா?

— கதவு தானாத் திறந்துக்கும். இழுவை குறையும், இஞ்சின் உடையாது.

— பொய். இந்தக் கோடை முழுக்க நான் இழுத்தா முள் ஏறுச்சு, விட்டா இறங்குச்சு. என் கண்ணால பாத்தேன்.

— மேல ஏறும்போது நீங்க இழுப்பீங்க. அதே நேரம் டப்பாவும் மூடும். இறங்கும்போது நான் “அப்பா, லீவர்”னு சொல்லுவேன், நீங்க விடுவீங்க. டப்பா அதுக்கு முன்னாடியே திறந்திருக்கும்.

— அப்புறம் என்ன? அதுதான் அவ்வளவு கெட்டிக்காரன் ஆச்சே. நான் தனியாப் போறதுல உனக்கு என்ன கஷ்டம்?

— டர்போவை டப்பா பாத்துக்கும். உங்களை யார் பாத்துக்குவா? போன மாசம் ரொட்டி வாங்கப் போனவர் மூணாவது ஊர்லேர்ந்து போன் பண்ணீங்க.

— ரோடு வேலை நடந்துச்சு. சுத்திப் போகச் சொன்னான்.

— எந்த ரோட்டுலயும் வேலை நடக்கல அப்பா. அந்த மலைக்கு நடுவுல வழி மறந்தா யாருக்குப் போன் பண்ணுவீங்க? சித்தப்பாவோட சாம்பலைத் தூவிட்டு வரப் போறீங்க, சரி. உங்களைத் தேடிக்கிட்டு நான் எந்தப் பள்ளத்துல இறங்குவேன்?

— அழாதே. கண்ணைத் தொடை. ஹேங்கர்ல அழுதா உங்க அம்மாவுக்கே பிடிக்காது.

— சொல்லிட்டேன். இனி உங்க இஷ்டம்.

— நான் நம்பல. ஒரு வார்த்தைகூட நம்பல. உழுற டிராக்டர்லேர்ந்து மருந்து தெளிக்கற விமானம் வரைக்கும் கை வெச்சவன் நான். கெட்ட பெட்ரோலோட சத்தம் எனக்குத் தெரியாதா? தள்ளு, வழி விடு.

— எங்க போறீங்க? விமானம் இங்க நிக்குது.

— வெண்டல்கிட்ட.

— மறுபடி சண்டைக்கா?

— டேங்க் பாதிதான் இருக்கு. இந்த மைதானத்துல வேற எவன் குழாய் வெச்சிருக்கான்?

— அவர் பெட்ரோல் கெட்டதுன்னீங்க!

— கெட்டதுதான். சாகற வரைக்கும் அப்படித்தான் சொல்லுவேன். நீ பின்னாலயே வா. வந்து அந்த ஜாடிக் கதையை அவன் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு. நான் குழாய்க்கு அந்தப் பக்கமா நின்னுக்கறேன், எனக்குக் காதுல விழ வேண்டாம். அதுக்கு முன்னாடி லெஸ்டரோட பெல்ட்டை அவுத்துடு.

— எதுக்கு?

— அவன் என் மடியில வரட்டும். வலது சீட் எனக்கு வேணும். ஓட்டறவ இடது பக்கம்தானே உக்காரணும்?

— அப்பா... தனியாப் போறேன்னு அத்தனை பிடிவாதம் பிடிச்சீங்களே!

— நிஜக் கதவுன்னா காத்து ஏற ஏறக் கையைத் திருப்பித் தள்ளும் மார்லா. ஸ்பிரிங் எப்பவும் ஒரே மாதிரிதான் இழுக்கும். அந்த லீவர் செத்துப் போச்சுன்னு இழுத்த முதல் நாளே தெரியும். தனியாப் போறேன்னு சொன்னாலாவது நீ வாயைத் திறப்பியான்னு பாத்தேன்.