வேகவைத்த பலகை

பலகையை வேகவைத்துப் பார்க்காமல் நான் வாங்குவதில்லை. படகின் மேல்தளத்துக்கு பிளைவுட் எடுக்கப் பெரும்பாவூர் போனால், ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் கையகலத் துண்டு வெட்டித் தரச் சொல்வேன். வீட்டில் பெரிய பாத்திரத்தில் போட்டுச் சாயங்காலம் வரை கொதிக்க விடுவேன். மட்டமான பசை என்றால் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும்.

"இந்த வீட்டுல சோத்துக்கு முந்தி பலகைதான் வேகுது," என்பாள் என் மனைவி மெட்டில்டா. "வெந்துச்சான்னு நீங்களே கடிச்சுப் பாத்துக்கோங்க."

எனக்கு வேலை தெரியும் என்பது முதலில் உங்கள் தாளில் வரவேண்டும் சார். அதற்காகச் சொன்னேன்.

பொனிப்பாஸ் எனக்குச் சின்ன வயதிலிருந்து கூட்டாளி. வாடிக் கடற்கரையில் அவன் ஓட்டிய எல்லாப் படகுக்கும் நான்தான் தளம் போட்டேன். அவன் மகன் ஜிஜினுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாகத் தலை தொட்டவன் நான். தலைதொட்டப்பா என்றுதான் அவன் என்னைக் கூப்பிடுவான்.

ஒருமுறை பொனிப்பாஸ் தானே பலகை வாங்கி வந்து இறக்கினான். துண்டு வெட்டி வேகவைத்தேன். மதியத்துக்குள் பிரிந்தது. வேண்டாம் என்றேன்.

"அளியா, நான் என்ன படகைக் கொழம்புலயா போடப் போறேன்? கடல்லதானே விடப் போறேன்."

சிரித்துவிட்டேன். தளமும் போட்டுக் கொடுத்தேன்.

அடுத்த வருஷம் அந்தத் தளம் உடைந்து, அவன் படகில் வேலை பார்த்த ஆம்ப்ரோஸ் உள்ளே விழுந்தான். எஞ்சினில் கால் மாட்டியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பலகை யார் எடுத்தது என்று கோயில் பங்குக் கூட்டத்தில் ஃபாதர் கேட்டார். பொனிப்பாஸ் எழுந்தான்.

"யூஜின்தான் பாத்து எடுத்தான், ஃபாதர். எனக்குப் பலகையைப் பத்தி என்ன தெரியும்?"

என் முகத்தைப் பார்த்துத்தான் என் பேரைச் சொன்னான். அடுத்து ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் உட்கார்ந்துவிட்டான்.

நான் ஏன் மறுக்கவில்லை என்று எழுத வேண்டுமென்றால் இப்படி எழுதுங்கள்: அவன் வாயால் வர வேண்டியதை நான் சொல்லிக் கெடுக்க விரும்பவில்லை.

அதன் பிறகு யாரும் என்னைத் தளம் போடக் கூப்பிடவில்லை. கோழிக்கூடு அடித்தேன். ஆம்ப்ரோஸ் கோயில் வாசலில் லாட்டரி விற்க உட்கார்ந்தான். நான் வாசலைத் தாண்டும்வரை கூவுவதை நிறுத்திவிடுவான்.

பொனிப்பாஸ் புதுப் படகு கட்டத் தொடங்கியபோது வீட்டுக்கு வந்தான். கப்பைக்கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டான்.

"பழசையெல்லாம் மனசுல வச்சுக்காத அளியா. தளம்னா நீதான்."

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் புதுத் தளத்துக்கான ஆறு பலகையையும் ஒரே மாதிரி எடுத்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

ஐந்து பலகை உள்ளும் புறமும் நல்ல மரம். ஆறாவதில் பசை முதல் தரம், உள்ளடுக்கு மட்டும் சீக்கிரம் அழுகும் ரப்பர் மரம். அதன் துண்டைத்தான் பொனிப்பாஸ் முன்னால் வேகவைத்தேன். சாயங்காலம் எடுத்து அவன் கையில் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தான். நகம்கூட இறங்கவில்லை.

"கல்லு மாதிரி இருக்குடா," என்றான்.

வேகவைத்தால் பசையின் குணம் தெரியும். மரத்தின் குணம் தெரியாது. அவன் மரத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

ஐந்து பலகைக்கும் எல்லா விளிம்பிலும், இனிக் குடிக்காது என்னும் வரை ரெசின் தடவினேன். திருகாணித் துளைகளைப் பெரிதாக்கி, ரெசினால் அடைத்து, இறுகிய பிறகு நடுவில் மறுபடி துளைத்தேன். மேலே ஃபைபர் துணி, அதன்மேல் மறுபடி ரெசின், பிறகு பெயின்ட். ஆறாவதுக்கும் அப்படியே. ஐஸ்பெட்டி வாயை ஒட்டிய விளிம்பை மட்டும் ரெசின் தடவாமல் வெறும் மரமாக விட்டு, மரச்சட்டம் அடித்து மூடினேன். உப்புத்தண்ணீரில் மரம் அவ்வளவு சீக்கிரம் அழுகாது. ஐஸ் உருகிய தண்ணீரில் அழுகும். மேலே நன்றாக மூடியிருந்தால் உள்ளே இறங்கிய ஈரம் வெளியே வராது. வலை இழுக்கும்போது பொனிப்பாஸ் நிற்கும் இடம் அது.

அவனைக் கொல்ல நினைத்தேன் என்று எழுதாதீர்கள். என்னைப் பற்றி அவன் சொன்னது பொய். அதை உண்மையாக்கினேன்.

இரண்டு மழைக்காலம் போனது. படகைக் கரையேற்றியிருந்தபோது பொனிப்பாஸ் என்னைக் கூப்பிட்டான். ஏறி, விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனேன். எல்லா இடத்திலும் கணீரென்றது. ஐஸ்பெட்டிப் பக்கம் சத்தமே எழவில்லை.

"எப்படி?" என்றான்.

"நல்லா இருக்கு."

"எனக்கு முட்டி போச்சு. இனிமே இங்க ஜிஜின் நிப்பான். நான் எஞ்சினைப் பாத்துக்கறேன்."

ஜிஜின் ஜிம்முக்குப் போய் உடம்பு ஏற்றியவன். அந்த இடத்தில் நின்று லேசாகக் குதித்தான்.

"தலைதொட்டப்பா, என்னைத் தாங்குமா?"

"உங்கப்பனையே தாங்குச்சு."

"அவரு வாயோட வெயிட்டையும் சேத்தா?"

மூன்று பேரும் சிரித்தோம்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சட்டத்தைக் கழற்றிப் பலகையை மாற்ற அரைநாள் வேலை. ஆனால் கழற்றினால் எல்லோரும் என்ன பார்ப்பார்கள்? யூஜின் எடுத்த பலகை அழுகிக் கிடப்பதைப் பார்ப்பார்கள். அதை என்னால் அனுமதிக்க முடியவில்லை.

வலை ஓடிக்கொண்டிருந்தபோது தளம் விட்டது. ஜிஜின் சாய்ந்தான். கயிறு அவனைச் சுற்றிக் கடலுக்குள் எடுத்துக்கொண்டு போனது. சவப்பெட்டியை நான்தான் செய்தேன். ஒரு விளிம்பைக்கூட விடவில்லை.

அடக்கம் முடிந்ததும் கல்லறை வாசலில் நான்கு பேர் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். பொனிப்பாஸ் அவர்களை விலக்கிக்கொண்டு வந்தான்.

"அவனை விடுங்கடா. என் கண்ணு முன்னாடி வேகவச்சுக் காட்டின பலகை அது. ஆம்ப்ரோஸ் விழுந்தான் பாரு, அதுதான் மட்டப் பலகை. வாங்கினது நான். இவன் வேணாம்னான். நான் பழியை இவன் தலையில போட்டேன். அதுக்குத்தான் ஆண்டவர் என் பிள்ளையை எடுத்துக்கிட்டாரு."

ஆம்ப்ரோஸ் ஊன்றுகோலைப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். ஃபாதர் என் தோளைத் தொட்டார். இத்தனை வருஷம் நான் காத்திருந்த வாக்கியம் அது. எல்லோர் முன்னாலும், அவன் வாயாலேயே வந்துவிட்டது. எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஆண்டவர் என்று அவன் சொன்னது மட்டும் காதில் நின்றது.

அதன் பிறகு யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை சார். நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். அன்று தான் செய்ததை என் பேரில் போட்டான். இன்று நான் செய்ததை ஆண்டவர் பேரில் போடுகிறான். பலகை விஷயத்தில் இரண்டு தடவையும் அவன் என்னை ஏமாற்றிவிட்டான்.

ஜிஜின் சாவுக்கு நான்தான் காரணம். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். படகை ஆள் அனுப்பிச் சோதிப்பீர்கள். அப்போது மற்ற ஐந்து பலகையையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சொட்டு இறங்கியிருக்காது. அதையும் எழுதுங்கள்.