ஏழு நிமிஷம் முன்னால்

— வாட்ச் என்னவோ ஓடுது, பின்மூடியை மட்டும் ஏன் போடாம வச்சிருக்கீங்க அண்ணே?

— பதினொண்ணுக்கு வாங்கன்னு சொன்னேன், நீங்க சீக்கிரமே வந்துட்டீங்க. உக்காருங்கம்மா. அந்த நாற்காலி கால் ஆடும், சுவரோட ஒட்டிப் போட்டுக்கங்க.

— தையல் கூடத்துல முக்கா மணி பெர்மிஷன்தான் குடுத்தாங்க. பதினொண்ணே காலுக்குத் திரும்ப மிஷின்ல இருக்கணும். கழுவி எண்ணெய் போட ஒரு நாள் போதும்னீங்க, இன்னையோட மூணு நாள்.

— ஓட விட்டுப் பார்க்கணும் பாருங்க. இந்தாங்க, காதுல வச்சுக் கேளுங்க.

— நல்லா இருக்கு. முன்னாடி நொண்டி நடக்கிற மாதிரி கேட்கும்.

— எண்ணெய் காஞ்சு போச்சு, அவ்வளவுதான். மத்தபடி இத்தனை வயசான வாட்ச்சை இவ்வளவு சுத்தமா நான் பிரிச்சதில்ல. சாவி திருகுற குமிழ்ல ஒரு துளி அழுக்கு இல்ல. ஸ்பிரிங் களைச்சுப் போகல. யாரு சாவி குடுக்கறது?

— நான்தான். காலையில பல்லு தேய்ச்ச கையோட. கையில கட்டிக்கிட்டே குடுக்க மாட்டேன், கழட்டி வச்சுத்தான். இருபத்தெட்டு சுத்து. இறுக ஆரம்பிச்சா அதோட விட்டுடுவேன்.

— எண்ணுவீங்களா?

— எண்ணாம எப்படி? அதுக்கும் வயிறு இருக்குல்ல, எவ்வளவுதான் திணிக்கிறது.

— ம். திருட்டுச் சாமானை யாரும் இப்படி வச்சுக்க மாட்டாங்க.

— என்ன சொன்னீங்க?

— ஒண்ணுமில்ல, ஏதோ வாய்க்கு வந்தது. பாருங்க, கடைக் கடிகாரத்துல பத்தே முக்கால். உங்க வாட்ச்சுல பத்து அம்பத்திரெண்டு. ஏழு நிமிஷம் முன்னாடி காட்டுது. முள்ளைத் திருப்பி வச்சுடவா?

— வேணாம்.

— ஒரு நொடி வேலைம்மா.

— அது தப்பா ஓடலண்ணே. அப்படி வச்சிருக்கு. என் வீட்டுக்காரர் வச்சது.

— எதுக்கு?

— அவர் வச்சிருக்கற எல்லாக் கடிகாரமும் அப்படித்தான், அடுப்படியில என்னோடது மட்டும் ஊர் நேரம். ஆறு மணிக்கு வர்றேன்னு சொல்லிட்டுப் போவாரு. ஊருக்கு ஆறாக ஏழு நிமிஷம் இருக்கும்போதே வாசல்ல செருப்பு சத்தம் கேட்கும். அந்த ஏழு நிமிஷத்துல நான் என்ன பண்ணிக்கிட்டிருக்கேன்னு பார்க்கணும். அதான்.

— இப்ப அவர்...

— நான்தான் வந்துட்டேன். பத்து மாசமாச்சு. ஊரு புதுசு, வேலை புதுசு. ஆனாலும் அந்த முள்ளைத் தொடக் கை வரலண்ணே. தொட்டா அவருக்குத் தெரிஞ்சுடும்னு ஒரு நெனப்பு. பைத்தியம்னு நெனைச்சுக்கங்க.

— கண்ணாடி மாத்தியிருக்கு. பழசு எப்படி உடைஞ்சது?

— இங்க பட்டு.

— எங்க?

— இந்த முடியை ஒதுக்கினா தெரியும். புருவத்துக்கு மேல. கல்யாணத்தன்னைக்கு எங்கப்பா தன் கையிலேருந்து கழட்டி அவர் கையில கட்டிவிட்டது. கட்டின கையாலயே அடிப்பாரு. நெத்தியில ரத்தம் வழியுது, அவர் கண்ணாடித் துண்டைப் பொறுக்கிக்கிட்டு, என் பொருளை உடைச்சிட்டியேங்கறாரு.

— நீங்க எடுத்துட்டு வந்துட்டீங்க.

— குளிக்கறதுக்குக் கழட்டி வச்சிருந்தாரு. உள்ள தண்ணி விழற சத்தம் கேட்டுக்கிட்டிருக்கும்போதே பஸ் ஏறிட்டேன். மாத்துத் துணிகூட எடுக்கல. என்னண்ணே, போலீஸ்காரர் மாதிரி குடைஞ்சுக்கிட்டே இருக்கீங்க?

— கடைசியா ஒண்ணு கேக்கறேன். யோசிச்சுச் சொல்லுங்க. இந்த மூடியோட உள்பக்கம் என்ன இருக்கு?

— பிரிக்கிறவங்க எல்லாரும் தேதியைக் கீறி வச்சிருப்பீங்க. அஞ்சு தேதி இருக்கும், உங்களோட சேர்த்தா ஆறு.

— அது எல்லா வாட்ச்சுலயும் இருக்கும். வேற?

— ஒரு பூனை.

— பூனையா?

— வீட்ல என்னைப் பூனைன்னுதான் கூப்பிடுவாங்க. நான் பொறந்த வருஷம் அப்பா வாட்ச் ரிப்பேர் பண்ணின கடைக்காரர்கிட்ட கெஞ்சிக் கீறச் சொன்னாராம். அவருக்கு வரையத் தெரியாது. ஒரு காது கோணலா, முயல் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும்.

— கோணல்தான். நீட்டிக்கிட்டுத்தான் இருக்கு.

— அப்ப மூடிக் குடுங்க, நான் கிளம்பறேன்.

— பூனையைப் பத்தி அவர் சொல்லவே இல்ல.

— எவர்?

— நான் சொல்றதைப் பதறாம கேளு தங்கச்சி. வாட்ச் திருடு போனா அதோட நம்பரைக் கடை கடையாச் சொல்லி வைப்பாங்க. யார் மேஜையில பிரிச்சாலும் நம்பரைப் பார்க்கறது எங்களுக்குள்ள ஒரு பழக்கம். போன மாசம் இந்த நம்பர் வந்துச்சு. வீட்ல வேலை செஞ்ச பொண்ணு எடுத்துட்டு ஓடிட்டாளாம்.

— வேலை செஞ்ச பொண்ணு. சரிதான்.

— எந்த ஊர்ல இருந்தாலும் ஒரு நாள் எண்ணெய் போடக் கொண்டு வருவா, அதைக் கெட விடமாட்டான்னாரு. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். திருடிக்கிட்டு ஓடினவளைப் பத்தி யாரு இப்படிச் சொல்லுவா?

— நீங்க சொல்லிட்டீங்களா அண்ணே?

— மூணு நாள் முன்னாடி, மூடியைத் தெறந்த கையோட போன் போட்டுட்டேன். இன்னைக்கு வர்றாரு. அதுவரைக்கும் உன்னைப் பேச்சுக் குடுத்து உக்கார வைக்கச் சொன்னாரு.

— எத்தனை மணிக்கு வர்றேன்னாரு?

— பதினொண்ணுக்கு. இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு. வாட்ச்சைப் பிடி. மேஜைக்குப் பின்னால ஒரு கதவு இருக்கு, சந்துல போய் இறங்கிடலாம். தாழ்ப்பாள் துரு ஏறிக் கிடக்கு, ரெண்டு தட்டு தட்டினா...

— தட்டாதீங்கண்ணே, வாசல்ல செருப்பு சத்தம். அவருக்குப் பதினொண்ணு ஆயிடுச்சு.