பதினோராவது டேக்கின் மூச்சு

மேடையில் இருக்கும் தயாரிப்பாளர் ஸ்ரீரங்கன் அவர்களே, ஒலிப்பதிவுத் துறையின் மூத்தவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த காஸ்பர் சாரின் துணைவியார் ஃப்ளோரா அம்மா அவர்களே, இந்த மயிலாப்பூர் மண்டபத்தில் இடமில்லாமல் வாசல்வரை நிற்கும் நண்பர்களே, வணக்கம். நான் மதுவந்தி, ‘அளந்த காற்று’ படத்தின் உதவி இயக்குநர். மேடையில் பேசிப் பழக்கமில்லை. எழுதி வந்ததைப் படிக்கிறேன்.

படங்களுக்குச் சத்தங்களை உண்டாக்கித் தரும் எஃபெக்ட்ஸ் கலைஞர் காஸ்பர் சாரின் முகத்தை ரசிகர்கள் பார்த்ததில்லை. ஆனால் அவரைக் கேட்காதவர் இந்த ஊரில் உண்டா? எங்கள் படத்தின் கதை இது: காற்றை ரேஷனில் கொடுக்கும் ஒரு நகரம். அளவுக்கு மேல் மூச்சு விடுகிறவரைத் தேடி இருட்டில் ஒன்று வரும். கிண்டியில் மூடிக் கிடந்த ஓர் ஆலையில் எடுத்தோம். அந்த ஒன்றை உருவாக்கிக் காட்ட எங்களுக்கு வசதியில்லை. அதன் மூச்சை மட்டும் கேட்கவைத்தோம். கடைசியில் ஒருவரும் பிழைக்காத அந்தப் படத்தை வாங்க ஆளில்லை. பிறகு அதுதான் நூறு நாள் ஓடியது. எதனால்? காஸ்பர் சாரின் மூச்சால்!

தி. நகரில் ஆறு வாரம் ஒலிப்பதிவு. ஈரக் கோணியை மிதித்துச் சேற்றில் நடப்பார். பழைய எக்ஸ்ரே பிலிமை உதறி இடியைக் கொண்டுவருவார். அந்த எக்ஸ்ரே யாருடையதோ. அவருக்கு ஒன்று எடுக்க வேண்டுமென்று எங்களில் யாருக்குத் தோன்றியது?

ஒவ்வொரு டேக் முடிந்ததும் பதிவறைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கேட்பார்: “இன்னாம்மா, பேய்க்கு மூச்சு பத்துதா?” நாங்கள் சிரிப்போம். இன்னொரு முறை என்பேன். ஐந்தாவது வாரம் அந்த மூச்சுக்கு அடியில் மெல்லிய விசில் ஒன்று வந்தது. ஹெட்போனில் கேட்டேன். நடிப்பு கூடிவிட்டது என்று மகிழ்ந்தேன். படத்துக்கு இதுதான் என்று பதினோராவது டேக்குக்கு வட்டம் போட்டவள் நான். தாளில் இருப்பது என் கையெழுத்து.

நுரையீரல் நோயோடு அடையாறு ஆஸ்பத்திரியில் இருந்தவரைப் பார்க்கப் போனபோது, “கடைசி டேக்ல ஒரு விசில் வந்துச்சே, உனக்குக் கேட்டுச்சா?” என்றார். கேட்கவில்லை சார் என்றேன். அவர் தலையாட்டிக்கொண்டார். சத்தத்தோடு நாற்பது வருடம் வாழ்ந்தவருக்குப் பொய்யின் சத்தம் தெரியாதா?

அடக்கத்தன்று ஃப்ளோரா அம்மா என்னிடம் சொன்னார்: “படத்துக்குப் போனேன்மா. எல்லாரும் பேய்னு கத்துனாங்க. எனக்கு எங்க ஊட்டுக்காரராதான் கேட்டுச்சு. பாதில எழுந்து வந்துட்டேன்.”

ஒரே ஒரு முறை கேட்ட அவருக்குப் புரிந்தது, ஆறு வாரம் கேட்ட எனக்கு ஏன் புரியவில்லை?

ஃப்ளோரா அம்மா, எனக்குக் கேட்டது. அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். கேட்டது.

இனிச் சொல்வது எழுதி வந்ததில் இல்லை. படத்தின் இரண்டாம் பாகத்திலும் இதே மூச்சு ஒலிக்கும் என்று சற்றுமுன் ஸ்ரீரங்கன் சார் அறிவித்தார். அது அன்பால் சொன்னது என்று அறிவேன். ஆனால் அந்த மூச்சு பதிவான நாடா என் பொறுப்பில் இருப்பது. இதோ, என் பையில் இருக்கிறது. இறங்கி வந்து அதை அம்மாவின் கையில் கொடுக்கப்போகிறேன். அது ஒலிக்கலாமா என்று அவர் சொல்லட்டும். என் வேலை போனால் போகட்டும்.

அவருடைய பணியைத் தொடர்வோம் என்று எல்லோரும் உறுதி சொன்னீர்கள். நானும் ஒன்று சொல்கிறேன். இனி எவரிடமும் ‘இன்னொரு முறை’ என்று கேட்பதற்கு முன், ஹெட்போனைக் கழற்றிவைத்துவிட்டுக் கண்ணாடிக்கு அப்பால் போய், அவர் முகத்தைப் பார்ப்பேன்.