பேரை மட்டும் மாத்துங்க சேர்

நாம நிறுத்தி வெச்ச ஆட்டோக்காரங்க லிஸ்ட்டோட பேர மாத்துங்க ஹபீல் சேர், தாராளமா மாத்துங்க. மீட்டிங்ல நான் வாயத் திறக்கலன்னதும் எனக்கு இஷ்டமில்லன்னு நினைச்சிட்டீங்களா? மாத்த வேணாம்னு பக்கத்து சீட் ரிஸ்னாதான் சண்டை போட்டா. கம்பியூட்டர்ல பிளக் லிஸ்ட்டு, கறுப்புப் பட்டியல்னா வெறும் சொல்லுதானாம், யாரையும் கடிக்காதாம். அவ செவப்பு, அவளக் கடிக்காது. என் மக நேசரிப் பள்ளிக்கூடம் விட்டு இங்க ஆபீசுக்குத்தானே வருவா. நான் போன்ல, அந்த ஆட்டோக்காரர பிளக் லிஸ்ட்ல போட்டாச்சுன்னு சொல்றதக் கேட்டுட்டு, அம்மா, நானும் கறுப்புதானே, என்னையும் போட்டாச்சான்னு கேட்டா. சிரிச்சேன். அப்புறம் பாத்ரூம்ல போய் கொஞ்ச நேரம் நின்னேன். அதனால தடைப் பட்டியல்னே வைங்க. நல்ல பேரு.

ஆனா பேரோட சேத்து பழைய லிஸ்ட்டயும் அழிச்சிட்டு, திங்கக்கிழமையில இருந்து அதுல இருக்கிற எல்லாருக்கும் திரும்ப ஹயர், சவாரி குடுக்கப் போறோம்னீங்களே, அது வேணாம் சேர்.

சரி, மத்தவங்கள விடுங்க. ஒருத்தர் மட்டும் லிஸ்ட்டுக்குள்ளயே இருக்கட்டும். கட்டுகஸ்தோட்டை ஆட்டோக்காரர் மோகனராஜ். குடிச்சிட்டு ஓட்டினாருன்னு கம்ப்ளெயின்ட் இருக்கு பாருங்க.

ஆமா, ஒண்ணே ஒண்ணுதான். சொன்னவங்க நம்பர் இல்லதான்.

ஐயோ, அழிச்சிடாதீங்க சேர்! கெஞ்சிக் கேக்கிறேன். காலையில இருந்து சிரிச்சிச் சிரிச்சிப் பேசிக்கிட்டிருக்கேன், இனி முடியல, உண்மையச் சொல்லிடுறேன்.

அவரு குடிக்க மாட்டாரு. கல்யாண வீட்லயும் சோடாதான். எனக்கு எப்படித் தெரியும்னா, எங்க வீட்டுக்காரரு சேர். அந்தக் கம்ப்ளெயின்ட்ட எழுதினதும் நான்தான்.

போன மாசம் கட்டுகஸ்தோட்டைப் பாலத்துல, ஆட்டோ ஓடிக்கிட்டு இருக்கிறப்பவே அவருக்குக் கண்ணு சொருகி, கையி காலு வெட்டி வெட்டி இழுத்துச்சு. பின்னால நானும் புள்ளயும். நான் எட்டி ஹேண்டிலப் புடிக்காட்டி எல்லாரும் மகாவலி ஆத்துக்குள்ளதான். அவருக்கு ஒண்ணும் ஞாபகமில்ல, தூங்கிட்டேன்னு சிரிக்கிறாரு. டொக்டர்கிட்ட போனா லைசன்ஸ் போயிடுமாம். வலிப்புன்னு எழுதினா, எழுதினது யாருன்னு கண்டுபுடிச்சிடுவாரு, பாத்தது நானும் புள்ளயும் மட்டுந்தானே. அதான் குடின்னு எழுதினேன்.

சன்னலால எட்டிப் பாருங்க. கீழ உங்களப் பாக்க நிக்கிற ஆட்டோக்காரங்க வரிசையில, நீலச் சட்டை. ஆ, அவருதான். குடிக்கவே இல்லன்னு உங்க முன்னால புள்ள மேல சத்தியம் பண்ண வந்திருக்காரு.

உண்மையத்தான் சொல்லுவாரு. நம்பிடாதீங்க சேர்.