பிரகாசம் ஓட்டும் கப்பல்

—அப்போ கண்ணுக்கு நேரா ஒரு கப்பலு வந்து நின்னா சுட்டே ஆவணும்ன்றியா தம்பி? பாத்தும் பாக்காத மாரி போவக் கூடாதா?

—சுட்டாகணுங்கம்மா. நேர் வரிசையில, மூணு கட்டத்துக்குள்ள எதிரி கப்பல் இருந்தா சுட்டுத்தான் ஆகணும். ரூல் புக்குலயே போட்டிருக்கனுங்க.

—அந்த புக்கு இங்கிலீஷ்ல கீது. அதுக்குத்தான் டப்பா மேல கீற நம்பருக்குப் போன் போட்டேன். இந்த வெளயாட்ட செஞ்சவரே எடுப்பாருன்னு நெனைக்கல.

—நான் ஒருத்தன்தானுங்க. செஞ்சதும் நானு, விக்கிறதும் நானு, போன் எடுக்கறதும் நானு. பேரு பிரசன்னாங்க. ஊரு பொள்ளாச்சிப் பக்கம், இப்ப நூம்பல்ல குடியிருக்கேன். நீங்க குழந்தைக்கு வாங்குனீங்களா?

—கொயந்தையா? எம்புள்ள ஜெர்வினுக்குத் தலையில நாலு முடி நரச்சே போச்சு. அம்பத்தூர்ல கம்பெனி வேல. நான் தெரசா, பட்டாபிராம். அவன்தான் எங்கியோ ஆர்டர் போட்டு வரவச்சான். ஒருநாளு சாயங்காலம் கறுப்புத் துணிய எடுத்து டேபுள் மேல விரிச்சான். இன்னாடா இதுன்னேன். ராக்கெட்டு கப்பலுங்க பறக்குற வானம், குந்தும்மான்னான். குந்திட்டேன்.

—நல்லா விளையாடறீங்களாங்கம்மா?

—எனக்கு இன்னா தெரியும்? அவன் சொல்லுவான், நான் நவுத்துவேன். பெரிய லைட்ட அணைச்சிட்டு சின்ன பல்பு மட்டும் போடுவான். ஃபேன் காத்துல அந்தத் துணி லேசா அலையும். கம்பி மேல நிக்கிற கப்பலுங்கல்லாம் நெசமாவே மெதக்குறாப்புல தெரியும். ரயிலு போனா டேபுள் அதிரும் பாரு, அப்ப ஏதோ ஒரு கப்பலு தானா கொஞ்சூண்டு நவுரும். ரெண்டு பேரும் அத்தயே பாத்துகினு குந்திகினு இருப்போம். யாரு டர்னுன்னே மறந்து பூடும்.

—கேக்கவே சந்தோஷமா இருக்குங்க. நானும் அப்படி ஒரு சாயங்காலம்தான் இதை யோசிச்சேன். அயனம்பாக்கம் ஏரிக்கரையில உக்காந்திருந்தேன். தண்ணியும் வானமும் ஒரே நிறமாயிருச்சு. ஒரு பறவை றெக்கையே அசைக்காம போயிட்டிருந்துச்சு. அது மேல போகுதா, தண்ணிக்குள்ள போகுதான்னு எனக்குத் தெரியலைங்க. வீட்டுக்கு வந்து முதல் கப்பலை அட்டையில வெட்டுனேன்.

—நீ கனாக் கண்டத எங்கூட்டு டேபுள் மேல கொண்டாந்து உட்டுட்ட. சரி, இப்ப எனக்கு வழி சொல்லு. அந்த ஒரு கப்பல மட்டும் நான் சுட மாட்டேன்.

—அவரு உங்க மகன்தானுங்களே, சுடலைன்னா விட்டுருவாரில்லைங்களா?

—உட மாட்டான். அவங்கப்பா தவறிப்போனதுலேர்ந்து அவனுக்குப் பேச்சே இல்ல தம்பி. வருவான், துண்ணுவான், கதவச் சாத்திக்குவான். இந்த வெளயாட்டு வந்தப்பறம்தான் வாயத் தொறக்குறான். அதுவும் இதப் பத்தி மட்டும். போன மாசம் நான் தெரியாம ஒரு கப்பல பின்னாடி இட்டுகினு வந்துட்டேன். பின்னாடிலாம் வராதும்மான்னு சொன்னான். சொல்லிட்டு எல்லாத்தையும் வாரி டப்பால போட்டுட்டான். அப்பறம் ஒரு வாரம் எங்கூட பேசல. எனக்கு உயிரே போச்சு.

—ஃபைட்டர் கப்பல் பின்னால போகாதுங்கம்மா, நிக்கவும் நிக்காது. அது சரிதான்.

—சரிதான். அதான் இந்த வாட்டி ரூல் படியே பண்ணணும். நேத்து அவன் டர்னுல அந்தக் கப்பல நேரா என் கப்பலு மூக்குக்கு முன்னாடி கொண்டாந்து வச்சான். வச்சிட்டு என் மூஞ்சியப் பாக்குறான். நான் தலவலிக்குதுன்னு எழுந்து வந்துட்டேன். துணி இன்னும் விரிச்ச மாரியே கீது. வேல உட்டு வந்து மறுபடி குந்துவான்.

—இடது பக்கம் திரும்பலாமுங்களா? ரெண்டு கட்டம் நேரா போனப்புறந்தான் திரும்ப விடும்.

—ரெண்டு கட்டத்துலதான் அது நிக்கிது.

—அப்பச் சிரமமுங்க.

—அந்த வானத்துல சத்தமே கேக்காதாமே? ஜெர்வின் சொன்னான். சுட்டாக்கூட கேக்காதாம்.

—ஆமாங்க, காத்து இல்லைங்களே. கேக்காது.

—அதான் எனக்கு பயமா கீது. அவரு அப்டித்தான் போனாரு தம்பி. பக்கத்துலதான் படுத்துகினு இருந்தேன். எனக்கு ஒண்ணுமே கேக்கல. காலைல காபி ஆறுதுன்னு எழுப்புறேன்.

—அம்மா… கொஞ்சம் இருங்க. ஒரு வழி இருக்குங்க. உங்க கப்பலோட வேகம் எவ்வளவு?

—மூணுன்னு எழுதி கீது.

—உங்க டர்ன் வந்ததும் இன்ஜின் ஆஃப்னு சொல்லிருங்க. இன்ஜின் இல்லாத கப்பல் சுட முடியாதுங்க. அந்தப் பறவை மாதிரி அது பாட்டுக்கு நேரா மூணு கட்டம் மிதந்து போகும்.

—போயி மோதிடாதா?

—மோதாதுங்க. இது மேலயும் அது கீழயுமாத் தாண்டிப் போறதா அர்த்தம். ரொம்பப் பக்கத்துல போகும், அவ்வளவுதான்.

—கை நீட்டுனா தொடுற மாரியா?

—அப்படித்தான் வெச்சுக்கங்களேன். ஆனா ஆஃப் பண்ணுன இன்ஜின் மறுபடி ஓடாதுங்க, மிதந்துட்டே போயி போர்டோட ஓரம் வந்துரும். ஒரு கப்பல் வெளிய போனாலே ஆட்டம் அவருக்குப் போயிரும்.

—போனாப் போவுது. தோத்துட்டுப் போறேன். அவரச் சுடுறதுக்கு அது எவ்ளோவோ மேல்.

—அவருன்னு சொல்றீங்களே, அந்தக் கப்பல்ல யாருங்கம்மா?

—நீதான வச்ச, கப்பலுக்கு ஒரு கார்டு, அதுல ஓட்டுறவங்க பேர எழுதணும்னு. என்னோடதுல எம்பேரு, தங்கச்சி பேருன்னு எழுதி கீறேன். ஜெர்வின் அவங்கப்பா பேர எழுதி வச்சிக்கிறான். பிரகாசம். அவன் கையெழுத்து அவங்கப்பா கையெழுத்து மாரியே இருக்கும். அத்தப் பாத்துட்டு நான் எப்டி சுடுவேன்? ஒரு தபா போனது போதாதா அந்த மன்சன்?

—அந்தக் கார்டுல பேரு பிரகாசம்னா எழுதியிருக்காரு?

—ஆமா தம்பி. ஏன் கேக்குற?

—சொல்றேங்கம்மா. கொஞ்ச நேரம் முந்தி ஒருத்தரு எனக்குப் போன் பண்ணுனாருங்க. பேரு சொல்லலை, பின்னால மெஷின் ஓடற சத்தம் கேட்டுச்சு. ரூல் புக்குல ஒரு இடம் புரியலைன்னாரு. அடிபட்ட கப்பல்ல இருந்து குதிக்கற பைலட் என்ன ஆவாருன்னு கேட்டாரு. அது நான் சரியா எழுதாம விட்ட இடமுங்க.

—குதிப்பாங்களா? அத எனக்கு அவன் சொல்லவே இல்லியே.

—குதிப்பாங்க. பைலட் சாக மாட்டாருங்க, கப்பல்தான் போகும். சுட்டவங்க கப்பல் அவரை ஏத்திக்கும். ஆட்டம் முடியற வரைக்கும் அவங்க கூடவேதான் இருப்பாருன்னு சொன்னேன். நிச்சயமாங்களான்னு திருப்பித் திருப்பிக் கேட்டாரு.

—அதுக்கும் எனக்கும் இன்னா சம்பந்தம்?

—அவரு கப்பலோட பைலட் பேரும் பிரகாசம்தானுங்க. எதுக்கு சார் இவ்வளவு கேக்கறீங்கன்னேன். எங்கம்மா ராத்திரியில தூங்கறதே இல்லைங்க, அப்பா எங்கிட்டயே இருந்து என்ன பண்றது, அம்மாகூடப் போயி இருக்கட்டும்னு நேரா கொண்டுபோயி வெச்சிருக்கேன், அம்மா சுடாம எந்திரிச்சுப் போயிருச்சுன்னாரு. சுடுங்கம்மா.