பதினைந்தாவது டப்பா

டப்பா வாங்கும்போது எல்லாரும் அடியைத் தட்டிப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது மூடியை. மூடி சரியில்லை என்றால் ஒரே மழையில் உள்ளே இருக்கும் நோட்டு ஊறி, யார் என்ன எழுதினார்கள் என்றே தெரியாமல் போய்விடும். உங்கள் மேஜைமேல் நான் வைத்திருக்கும் இரண்டு நோட்டுகளையும் பாருங்கள் ஐயா. ஓர் எழுத்துகூடக் கலையவில்லை.

முதலிலிருந்தே சொல்கிறேன், நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளலாம். மாவட்ட அருங்காட்சியகத்தில் வரைபடப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். பார்க்க ஆளே வருவதில்லை என்று மேலிடத்தில் முணுமுணுத்தபோது, புதையல் வேட்டை நடத்தலாம் என்று யோசனை சொன்னவன் நான்தான். பழைய சிறைச்சாலை, சுங்கச்சாவடி, மணிக்கூண்டு, தானியக் கிடங்கு, கோட்டைக் காவல் கோபுரம் என்று பதினான்கு இடங்களில் இடத்துக்கொரு டப்பாவை ஒளித்து வைத்தேன். இணையதளத்தில் அந்த இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் மட்டும் இருக்கும். வருகிறவர்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டே நடந்து தேடுவார்கள். கிடைத்தால் உள்ளே இருக்கும் நோட்டில் தேதி போட்டுப் பெயர் எழுதிவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும்.

இணையதளத்தில் ‘கண்டேன்’ என்ற ஒரு சொல்லைத் தவிர வேறு எதையும் எழுதக்கூடாது என்பது விதி. படி, சுவர், பொந்து என்று வாய்தவறி எதையாவது சொல்லிவிட்டால் அடுத்தவருக்குத் தேடும் சுகம் போய்விடும். டப்பா உடைந்திருந்தாலும், வழி மோசமாக இருந்தாலும், அதை நோட்டில்தான் எழுதி வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை நான் பதினான்கு இடங்களையும் சுற்றிவந்து நோட்டுகளை வாசிப்பேன். வாசித்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக். பிறகு படிவத்தில் ‘வழி: சரி’ அல்லது ‘வழி: சரியில்லை’. அந்த விதியும் படிவமும் என் கைவேலைதான். நல்ல விதி என்று இப்போதும் நினைக்கிறேன்.

எனக்கென்று வீட்டில் இருந்தது என் தங்கை ஒருத்திதான். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்க அடுத்தவர் கையில் ஊசி குத்துகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீட்டில் கால் நிற்காது. நான் வைத்த டப்பாவை நானே காட்டிக்கொடுக்கக்கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். நான் லேசாகச் சிரித்தால்கூட, “மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கோண்ணா, அதுலயே தெரிஞ்சிடுது” என்பாள். பதின்மூன்று டப்பாக்களைக் கண்டுபிடித்துவிட்டாள். ஒன்றில்கூட அவள் பெயர் முதல் வரியில் இல்லை.

முதல் வரியில் எப்போதும் கடிகாரக்காரர்தான். பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஓர் ஆள் உட்கார்ந்தால் நிறைந்துவிடும் கடை. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்தே இருப்பார். நான் புது டப்பா வைத்த செய்தி வந்த மறுநாள் காலையில் அங்கே அவர் கையெழுத்து இருக்கும். பழுதுக்கு வந்த கடிகாரங்களில் கட்டும் துண்டுச் சீட்டில் எழுதி எழுதிப் பழகியவர், ஆகவே எழுத்தெல்லாம் கடுகு கடுகாக இருக்கும். என் தங்கை அவருக்கு முந்திரிக்கொட்டை என்று பெயர் வைத்திருந்தாள். “ஒருதடவையாவது அந்த முந்திரிக்கொட்டைய முந்தணும்ணா” என்பாள். நேரில் பார்த்தால் இருவரும் நன்றாகத்தான் பேசிக்கொள்வார்கள்.

பதினான்காவது டப்பா காவல் கோபுரத்தில் இருந்தது. மேலே ஏறப் பழைய மரப்படிகள். நான்காம் தேதி கடிகாரக்காரர் ஏறினார். பன்னிரண்டாம் தேதி என் மாதச் சுற்று. பதினைந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தங்கை செருப்பு மாட்டிக்கொண்டே கேட்டாள்.

“கோபுரத்துல மேல வரைக்கும் ஏறலாம்ல?”

“தாராளமா ஏறு” என்றேன்.

மேலிருந்து மூன்றாவது படி அவளோடு சேர்ந்து வந்துவிட்டது. இருபத்தெட்டு அடி. செய்தி கேட்டு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனாலும் போனேன், மற்றவர்கள் வருவதற்குள் மேலே ஏறி டப்பாவையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். விசாரணைக் குழு என் படிவத்தைப் பார்த்தது. ‘வழி: சரி’ என்று இருந்தது. எதிர்பாராத விபத்து என்று எழுதிக் கோப்பை மூடினார்கள்.

எனக்கு நெஞ்சு ஆறவில்லை. வீட்டில் அவளுடைய காபித் தம்ளர் கவிழ்த்தபடியே இருந்தது. இணையதளத்தைத் திறந்தால் நான்காம் தேதிக்கு நேராகக் கடிகாரக்காரரின் ஒற்றைச் சொல், ‘கண்டேன்’. பல்சக்கரத்தில் சிக்கிய தலைமுடியைக் கண்டுபிடிக்கிற மனிதருக்கு ஒரு படி ஆடுவது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்த மனிதர் ஊரைக் கூட்டியிருக்க வேண்டாமா? அவளை எரித்துவிட்டு வந்து ஐந்து மாதம் நான் வேறு எதையும் நினைக்கவில்லை. அவர் சாக வேண்டும் என்பதைவிட, கூப்பிட்டால் கேட்க ஆளில்லாமல் சாக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதை மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

பழைய குதிரை லாயத்துக்கு அடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. வறண்டு நூறு வருடம் இருக்கும். இருபது அடி ஆழம், வழவழவென்று சுவர், மேலே கனமான கல் மூடி. உள்ளே கைபேசி வேலை செய்யாது. இறங்க ஓர் இரும்பு ஏணி. பதினைந்தாவது டப்பாவை அங்கே வைத்தேன். அவர் கவனமான ஆள், முதல் சில படிகளை அசைத்துப் பார்க்காமல் கால் வைக்க மாட்டார். அதனால் மேல் எட்டுப் படிகளை நான் தொடவில்லை. ஒன்பதாவதிலிருந்துதான் ஆணிகளைத் தளர்த்தினேன். சுத்தமான வேலை.

கடைக்குப் போய் எண்கள் எழுதிய சீட்டைக் கொடுத்தேன்.

“இன்னும் வெளியிடலை சார். வழி பாதுகாப்பா இருக்கான்னு ஒருதடவை பார்த்துச் சொல்லுங்க. உங்களை விட்டா யாரு இருக்கா?”

அவர் லென்ஸைக் கழற்றினார். “தங்கச்சிக்கு அப்படி ஆனதுக்கப்புறம் இதையெல்லாம் விட்டுடுவீங்கன்னு நெனச்சேன்.”

“விட்டுட்டு என்ன செய்யறது?”

“சரி, நான் பார்க்கறேன். கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்க்கறேன், கவலைப்படாதீங்க.”

மறுநாள் காலை பதினொரு மணிக்கு லாயத்தின் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் எட்டுப் படிகளையும் ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்துத்தான் இறங்கினார். பிறகு ஏணியின் கீழ்ப்பாதி விழுந்த சத்தம். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டார். நான் எட்டிப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

“நல்லவேளை நீங்க வந்தீங்க. கால் போயிடுச்சு சார். யாரையாவது கூப்பிடுங்க.”

“டப்பா பக்கத்துலதான் இருக்கு” என்றேன். “உள்ள நோட்டும் பேனாவும் இருக்கு. வழியில ஏதாவது பிரச்சனைன்னா அதுல எழுதி வைங்க. அடுத்த மாசம் சுற்றுல வந்து பார்க்கறேன்.”

கல் மூடியை இழுத்து மூடிவிட்டு அலுவலகத்துக்குப் போனேன். அரை நாள் விடுப்புதான் சொல்லியிருந்தேன்.

ஒரு வாரம் கழித்து, வெளியூரில் இருக்கும் அவர் மகள் புகைப்படத்தோடு அருங்காட்சியகத்துக்கு வந்தாள். அப்பாவுக்கு இந்த வேட்டைப் பைத்தியம் உண்டு, எங்கேயாவது மயங்கிக் கிடக்கிறாரோ என்று அழுதாள். தேடுவதற்கு வசதியாகப் பதினான்கு இடங்களையும் குறித்து ஒரு வரைபடத்தைப் பெரிதாக அச்சிட்டுக் கொடுத்தேன். அதில் ஒரு பிழை கிடையாது.

இன்று மாதச் சுற்று. சொன்ன சொல் தவறாமல் நூலேணியோடு போய் இறங்கினேன். டப்பாவை நன்றாக அழுத்தி மூடி, மழைநீர் படாத மூலையில் வைத்திருந்தார். கட்டுப்பாடான மனிதர். நோட்டை எடுத்துக்கொண்டு நேராகக் காவல் நிலையத்துக்கு உங்களிடம் வந்தேன். வலது கைப் பக்கம் இருப்பது அது. ஐந்து நாள் தேதி போட்டிருக்கிறது. மகளுக்கு எழுதியதெல்லாம் பின்னால் வரும். முதல் வரியை வாசியுங்கள்: ‘ஒன்பதாவது படியிலிருந்து ஆணிகள் கழன்றிருக்கின்றன. வேறு யாரும் இறங்க வேண்டாம்.’ பக்கத்தில் டிக் போட்டிருக்கிறேன், பழக்கம்.

இடது கைப் பக்கம் இருப்பது கோபுரத்து நோட்டு. இதைத்தான் விசாரணைக் குழு தேடியது. கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள் ஐயா, நான்காம் தேதி வரி மிகவும் சிறியது. ‘மேலிருந்து மூன்றாவது படி ஆடுகிறது. சரிசெய்யும்வரை டப்பாவை எடுத்துவிடவும்.’ ஆமாம், அந்தச் சிவப்பு டிக் என்னுடையதுதான். பன்னிரண்டாம் தேதி போட்டது. என் காலுக்கும் அந்தப் படி லேசாக ஆடியது. பழைய இடமென்றால் எல்லாம்தான் ஆடும். அன்றைக்கு இன்னும் ஆறு இடம் பாக்கி இருந்தது, வெயில் வேறு.

தங்கை காரியத்துக்கு வந்த கடிகாரக்காரர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “நான் நோட்டுல எழுதியிருந்தேனே, நீங்க பார்க்கலையா?” என்று மெதுவாகக் கேட்டார். வேறு யார் காதிலும் விழவில்லை. குற்றம் சொல்கிற குரல்கூட இல்லை அது. அந்த நிமிடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

நீங்களே சொல்லுங்கள். ஓர் உயிர் போகிற விஷயத்தை, கடிகாரத்தில் கட்டுகிற சீட்டு மாதிரியா எழுதுவது? கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதியிருந்தால் என் தங்கை இன்றைக்கு இருந்திருப்பாள்.